14 பேர் இருக்கும் அலுவலகத்துக்கு எந்த டெலிபோன் அமைப்பு?

கேள்வி சுருக்கமாக இது: 14 பேர் வேலை செய்யும் ஒரே அலுவலகம். 4 லேண்ட்லைன், அவற்றை உள் போன்களோடு (எக்ஸ்டென்ஷன்) இணைக்கும் பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ் பெட்டி. பெட்டியின் கார்டு பழுதாகிவிட்டது, மாற்றுக் கார்டு கிடைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் வேறு "எப்போது அடித்தாலும் எங்கேஜ்டு" என்கிறார்கள். ஒரு விற்பனையாளர் புதுப் பெட்டி போடச் சொல்கிறார். இன்னொருவர் பெட்டியே வேண்டாம், எல்லாம் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வேறு நிறுவனத்தின் கணினியில் இருக்கட்டும் என்கிறார். எதை எடுப்பது?

இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால் இருவருமே உங்கள் அழைப்புகளை எண்ணிப் பார்க்கவில்லை. பெட்டியா கிளவுடா என்பது கடைசியில் முடிவாக வேண்டியது. அதற்கு முன் தெரிய வேண்டியவை: ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு நடக்கிறது, வந்த அழைப்பு அலுவலகத்துக்குள் எப்படிக் கைமாறுகிறது, உங்கள் இணையமும் கேபிளும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன. இவை தெரியாமல் வாங்கினால் பெட்டி மாறும், புகார் மாறாது.

முதலில் எண்ணிக்கை. ஒரு வாரம் வேலை நாட்களில் உள்ளே வந்தது, வெளியே போனது இரண்டையும் மணி வாரியாகக் குறித்து வையுங்கள். பழைய பெட்டி பாதியாவது ஓடுகிறது என்றால், அழைப்புப் பதிவை வெளியே அனுப்பும் சீரியல் போர்ட் அதில் பெரும்பாலும் இருக்கும். ஒரு கணினியை மாட்டினால் போதும். இல்லையென்றால் ரிசப்ஷனில் ஒரு நோட்டு. எங்கேஜ்டு கேட்டுத் திரும்பிப் போன அழைப்பு உங்கள் பக்கம் மணியே அடிக்காது, ஆகவே எந்த நோட்டிலும் அது ஏறாது. அதைக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

கணக்கு எளிது. மிகவும் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 40 அழைப்புகள், சராசரியாக ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 120 நிமிடப் பேச்சை 60-ஆல் வகுத்தால் 2. இதை 2 எர்லாங் என்பார்கள். "சராசரியாக இரண்டு லைன்தானே ஓடுகிறது, நான்கு இருக்கிறதே" என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, கொத்தாக வருகின்றன. எர்லாங் பி சூத்திரப்படி 2 எர்லாங்குக்கு 4 லைன் வைத்தால் சுமார் 9.5 சதவீத அழைப்புகளுக்கு எங்கேஜ்டு. 5 லைனுக்கு 3.7 சதவீதம், 6-க்கு 1.2, 7-க்கு 0.3. அதாவது நான்கு லைனில் பத்துக்கு ஒன்று திரும்பிப் போகிறது. நூற்றுக்கு ஒன்றுகூடத் திரும்பக் கூடாது என்றால் ஏழு லைன் வேண்டும். லைன் கிடைக்காதவர் போய்விடுவார் என்று இந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அவர் உடனே மறுபடி அடிப்பார், ஆகவே நிலைமை இதைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருக்கும்.

இந்தக் கணக்கில் எல்லோரும் விட்டுவிடுவது இரண்டு. ஹோல்டில் காத்திருப்பவரும் ஒரு லைனைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். பேச்சு 3 நிமிடம், காத்திருப்பு 2 நிமிடம் என்றால் கணக்கில் 5 நிமிடம். அடுத்தது, உள்ளே வந்த அழைப்பை வெளியில் இருப்பவரின் மொபைலுக்குத் திருப்பினால் ஒரே பேச்சுக்கு இரண்டு லைன் போகும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. களப்பணியாளர்கள் நான்கு பேர் இருந்து அவர்களுக்கெல்லாம் திருப்பிவிடும் பழக்கம் இருந்தால், ஏழு லைன் தேவை என்று வந்தது பத்தாகிவிடும். உங்கள் எங்கேஜ்டு புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

அடுத்து, என்னென்ன வகை இருக்கின்றன என்பது.

சாதாரண அனலாக் இ.பி.ஏ.பி.எக்ஸ்: செப்புக் கம்பி லைன்கள் ஒரு பக்கம், சாதாரண போன்கள் மறுபக்கம். மலிவு, உறுதி, இணையம் போனாலும் பேசும். ஆனால் லைனைக் கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி, ஒரு போர்ட். பல நாடுகளில் செப்புக் கம்பிச் சேவையையே நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். பிரிட்டன் 2027 ஜனவரியை முடிவுத் தேதியாக வைத்திருக்கிறது. இன்று புதிதாக அனலாக் மட்டும் உள்ள பெட்டியை வாங்குவதை நான் சொல்லமாட்டேன், இணையமே நம்பமுடியாத இடமாக இருந்தால் தவிர.

அலுவலகத்திலேயே வைக்கும் ஐ.பி. பி.பி.எக்ஸ்: பழைய பெட்டியின் வேலையையே கணினி வலை வழியாகச் செய்யும் சின்னப் பெட்டி அல்லது ஒரு கணினி. வெளி லைன்கள் இணையம் வழியாக எஸ்.ஐ.பி. டிரங்காக வரும் (எஸ்.ஐ.பி. என்பது இணைய அழைப்பை ஏற்படுத்தும் விதிமுறை, டிரங்க் என்பது வெளி இணைப்பு), வேண்டுமானால் சில அனலாக் லைன்களையும் அதற்கென்றே உள்ள எஃப்.எக்ஸ்.ஓ. போர்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். இதைக் கலப்புப் பெட்டி என்று விற்பார்கள். 1999 முதல் இருக்கும் ஆஸ்டெரிஸ்க் என்ற திறந்தமூல மென்பொருளும் இந்த வேலைக்குத்தான். மென்பொருள் இலவசம், ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இலவசமில்லை. அப்படிப்பட்டவர் பக்கத்தில் இல்லையென்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கிளவுட் பி.பி.எக்ஸ்: பெட்டி இருப்பது சேவை தரும் நிறுவனத்தின் தரவு மையத்தில். உங்களிடம் போன்களும் இணையமும் மட்டும். ஆள் கூடினால் எக்ஸ்டென்ஷன் கூட்டலாம், வீட்டிலிருந்தும் பேசலாம், பழுது அவர்கள் தலைவலி. மாதச் செலவு நிற்காது. இணையம் போனால் அலுவலகத்தில் பேச்சு நின்றுவிடும், ஆனால் வாடிக்கையாளருக்கு மணி அடிப்பது நிற்காது. அழைப்பு மேலேயே இருப்பதால் மொபைலுக்குத் திருப்பிவிடலாம். உள்ளே வைத்த பெட்டியில் இந்த வசதி தானாக வராது; டிரங்க் கொடுப்பவரிடம் "எங்கள் பெட்டி இணைப்பில் இல்லையென்றால் இந்த எண்ணுக்கு அனுப்பு" என்று தனியாக அமைத்துக்கொள்ள வேண்டும். மறக்காமல் கேளுங்கள்.

பி.ஆர்.ஐ. லைன் என்று ஒன்றையும் யாராவது சொல்வார்கள். ஒரே இணைப்பில் 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 பேச்சு (அமெரிக்க முறையில் 23). 14 பேருக்கு அது பெரிது, எஸ்.ஐ.பி.யில் 7 சேனல், 8 சேனல் என்று தேவைக்கு வாங்கலாம்.

உங்கள் அளவுக்கு என் தேர்வு: இணையம் இரண்டு வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்க முடிகிறது என்றால் கிளவுட். ஒரே இணையம்தான், அதுவும் வாரம் ஒருமுறை போகிறது என்றால் கலப்புப் பெட்டி, அதில் இரண்டு பழைய லைனை விட்டுவைப்பது. மேசைக்கு மேசை இன்டர்காம் பேச்சு அதிகமாக ஓடும் இடத்துக்கும் உள்ளே இருக்கும் பெட்டிதான் நல்லது, ஏனென்றால் பெரும்பாலான கிளவுட் அமைப்பில் பக்கத்து மேசைக்குப் பேசினாலும் குரல் இணையம் வழியாக மேலே போய்த் திரும்பி வருகிறது. இணையம் நின்றால் இன்டர்காமும் நிற்கும்.

சில நாடுகளில் இணைய அழைப்பையும் பொதுத் தொலைபேசி வலையையும் இணைப்பதற்குத் தனி விதிகள் உண்டு. டிரங்க்கை உரிமம் பெற்ற நிறுவனத்திடமே வாங்குங்கள். அழைப்பைப் பதிவு செய்வதற்கும் ஒப்புதல் விதிகள் இடத்துக்கு இடம் மாறும்.

இனி விஷயம் எங்கே கெடுகிறது என்பதைப் பார்க்கலாம். பத்தில் எட்டுத் தகராறு பெட்டியில் இல்லை, நெட்வொர்க்கில்.

ஒரு அழைப்புக்கு எவ்வளவு அலைவரிசை, அதாவது இணைய வேகம் வேண்டும்? ஜி.711 என்ற வழக்கமான குறியாக்கத்தில் குரல் மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட். 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டும்போது 160 பைட் குரலுக்கு 40 பைட் தலைப்பு சேர்ந்து 80 கிலோபிட். ஈதர்நெட் உறையும் சேர்த்தால் சுமார் 87. ஆளுக்கு 100 என்று வைத்தாலும் ஏழு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் 700 கிலோபிட்தான். இன்றைய எந்த இணைப்பும் இதைத் தாங்கும். ஜி.729 என்றால் குரல் 8 கிலோபிட்டாகச் சுருங்கும், ஆனால் தரமும் குறையும், மணி ஓசைகளும் காத்திருப்பு இசையும் கரகரக்கும். அலைவரிசை பஞ்சமில்லாத இடத்தில் அதைப் போடவேண்டிய அவசியமே இல்லை.

பின் ஏன் குரல் வெட்டுகிறது? மேலேற்றும் திசையில் வரிசை சேர்வதால். யாரோ ஒருவர் பெரிய கோப்பை அனுப்புகிறார், அல்லது கணினிகள் நடுப்பகலில் காப்புப்பிரதி எடுக்கின்றன. மோடத்துக்குள் பொட்டலங்கள் மலையாகக் குவிகின்றன. குரல் பொட்டலம் அதன் கடைசியில் போய் நிற்கிறது. ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.டி.யு. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை, அதைத் தாண்டத் தாண்ட ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுவார்கள். தாமதம் ஏறி இறங்கும் அளவு 30 மில்லி விநாடிக்குள்ளும், பொட்டல இழப்பு 1 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் நிம்மதி.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கணினியில் வெளியே உள்ள ஏதாவது ஒரு சர்வருக்கு பிங் (பதில் வர எத்தனை மில்லி விநாடி என்று காட்டும் கட்டளை) ஓடவிடுங்கள். இன்னொரு கணினியிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றுங்கள். பிங் 15-லிருந்து 30 ஆனால் பரவாயில்லை. 300, 400 என்று ஏறினால் எந்தக் கிளவுட் நிறுவனத்தை மாற்றினாலும் குரல் வெட்டும். இதைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் பாருங்கள். விற்பனையாளர் காட்டும் வேகச் சோதனைப் படத்தில் இது தெரியாது.

மருந்து ரவுட்டரில் இருக்கிறது. மேலேற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு போட வேண்டும், அதுவும் உண்மையாகக் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு. 20 மெகாபிட் கிடைத்தால் 18. அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ரவுட்டரில் சேரும். உங்கள் ரவுட்டரில் சேர்ந்தால்தான் குரலை முன்னால் தள்ளிவிட முடியும். முன்னுரிமை மட்டும் போட்டுவிட்டு வரம்பு போடாமல் விடுவது பலர் செய்வது. அது ஒரு பலனும் தராது. குரல் பொட்டலங்களுக்கு டி.எஸ்.சி.பி. 46 என்ற அடையாளத்தைப் போன்களே இடும். உங்கள் ஸ்விட்சும் ரவுட்டரும் அதை மதிக்கும்படி அமைக்கலாம். வெளி இணையத்தில் அந்த அடையாளத்தை யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரவுட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு அமைப்பு இருக்கும். உதவி செய்வதற்காக வைத்தது. பெரும்பாலும் உபத்திரவம்தான் செய்யும்: அழைப்புச் செய்திக்குள் இருக்கும் முகவரிகளைப் பாதி மாற்றி, பாதி மாற்றாமல் விட்டுவிடும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். அணைக்க வழி இல்லாத ரவுட்டர் என்றால் ரவுட்டரை மாற்றுங்கள்.

வரும் குறைகளை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, மறுபக்கம் மௌனம் என்றால் ஆர்.டி.பி. என்ற குரல் ஓடை, ரவுட்டர் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் இடத்தில் (இதை நாட், என்.ஏ.டி. என்பார்கள்) அல்லது ஃபயர்வாலில் மாட்டிக்கொண்டது, ஏ.எல்.ஜி.யைப் பாருங்கள், உள்ளே பெட்டி இருந்தால் அதில் வெளி முகவரி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா அழைப்பும் ஏறத்தாழ 32 விநாடியில் அறுந்தால் அது தற்செயல் இல்லை: அழைப்பை எடுத்ததற்கான உறுதிச் செய்தி எதிர்ப்பக்கம் போய்ச் சேரவில்லை, எஸ்.ஐ.பி. விதிப்படி அது 32 விநாடி காத்திருந்துவிட்டு வெட்டுகிறது. இதுவும் நாட் கோளாறுதான். சரியாக 15 நிமிடத்தில் அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால், அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் செஷன் டைமர். வழக்கமான அளவு 1,800 விநாடி, அதில் பாதியில் புதுப்பிக்கும் செய்தி போகும், அது எங்கோ தடைபடுகிறது. வெளியே போகும் அழைப்பு நன்றாகப் போகிறது, உள்ளே வருவது மட்டும் சில நேரம் மணி அடிக்காமலே போகிறது என்றால், போன் சும்மா இருக்கும் நேரத்தில் ரவுட்டர் அதற்கான வழியை மூடிவிட்டது; போனில் கீப்-அலைவ் (வழியைத் திறந்தே வைக்க அவ்வப்போது அனுப்பும் சின்னச் செய்தி) இடைவெளியை 20 அல்லது 25 விநாடிக்குக் குறையுங்கள். வங்கியின் தானியங்கி "1 அழுத்தவும்" என்கிறது, அழுத்தினால் கேட்கவில்லை என்றால் டி.டி.எம்.எஃப். (அழுத்திய எண்ணை ஓசையாக அனுப்பும்) முறை பொருந்தவில்லை; இரு பக்கமும் ஆர்.எஃப்.சி. 2833 (புதிய எண் 4733) என்று வையுங்கள்.

அனலாக் லைனைக் கலப்புப் பெட்டியில் மாட்டினால் வேறு வகைத் தகராறு. எதிர்ப்பக்கம் போனை வைத்த பிறகும் லைன் பிடித்தபடியே நிற்கும். எக்ஸ்சேஞ்ச் துண்டிப்பை எப்படித் தெரிவிக்கிறது என்பது இடத்துக்கு இடம் வேறு: மின்முனையை மாற்றலாம், ஒரு கணம் மின்சாரத்தை நிறுத்தலாம், அல்லது வெறும் பிஸி டோன் மட்டும் தரலாம். உங்கள் லைனில் எது என்று தெரிந்து பெட்டியில் அதையே அமைக்காவிட்டால் வாய்ஸ்மெயிலுக்குப் போன ஒரு அழைப்பு மணிக்கணக்கில் லைனைச் சாப்பிடும். எதிரொலி வந்தால் அது இரண்டு கம்பி நான்கு கம்பியாக மாறும் இடத்தில் மின்மறுப்பு பொருந்தாததால். நாட்டுக்கான அமைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதி போய்விடும். அழைத்தவர் எண் பல இடங்களில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில்தான் வருகிறது. அதனால் பெட்டி ஒரு மணி தாமதமாகத்தான் உள்ளே அடிக்கும். பழுது என்று நினைக்க வேண்டாம்.

கேபிள். பழைய இன்டர்காம் கம்பி ஒரு ஜோடிதான். ஐ.பி. போனுக்கு 100 மெகாபிட் ஈதர்நெட்டாவது வேண்டும், அதற்கு இரண்டு ஜோடி, கேட்-5 தரம். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஸ்விட்சிலிருந்து மேசை வரை 100 மீட்டருக்குள். சுவரை உடைத்துப் புதுக் கேபிள் இழுக்க முடியாத கட்டடமாக இருந்தால், சாதாரண போன்களைப் புது அமைப்போடு இணைக்கும் எஃப்.எக்ஸ்.எஸ். கேட்வே ஒன்றை வாங்கிப் பழைய கம்பியிலேயே பழைய போன்களை ஓட்டலாம். விளக்குப் பொத்தான்கள் போகும், மற்றபடி வேலை நடக்கும். இதை விற்பனையாளர் தானாகச் சொல்லமாட்டார், போன் விற்பனை குறையுமே.

ஒரு மேசைக்கு ஒரே கேபிள் என்றால் போனின் பின்னால் இருக்கும் இரண்டாவது போர்ட்டில் கணினியை மாட்டலாம். ஆனால் மலிவான போன்களில் அந்தப் போர்ட் 100 மெகாபிட்தான். கணினியின் வேகமும் அங்கேயே நின்றுவிடும். பெரிய கோப்புகளைக் கையாளும் அலுவலகம் என்றால் கிகாபிட் போர்ட் உள்ள போன். குரலுக்குத் தனி வி-லேன் (அதே கேபிளில் பிரித்து வைத்த தனி வலை) வைப்பது நல்லது. ஒரு கணினியில் வைரஸ் வந்து வலையை நிரப்பினாலும் போன் பேசும்.

கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் பி.ஓ.இ. ஸ்விட்ச் வாங்கினால் போனுக்குத் தனி அடாப்டர் வேண்டாம். அங்கே ஒரு பொறி: போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவார்கள், மொத்த வாட் அளவைப் பார்க்கமாட்டார்கள். 8 போர்ட், மொத்தம் 60 வாட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. போன் எவ்வளவு மின்சாரம் கேட்கும் என்பதை அதன் கிளாஸ் சொல்லும். கிளாஸ் 2 போன் என்றால் ஆளுக்கு 7 வாட், எட்டும் ஓடும். கிளாஸ் 3 என்றால் சில ஸ்விட்சுகள் போன் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்காமல் போர்ட்டுக்கு 15.4 வாட் ஒதுக்கிவிடும். மூன்று போனுக்கு 46.2; நாலாவது போன் உயிர் பெறாது. போனின் கிளாஸும் ஸ்விட்சின் மொத்த வாட்டும் தெரிந்த பிறகுதான் ஆர்டர்.

மின்சாரம் போனால்? பழைய செப்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. இப்போது எல்லாம் உங்கள் மின்சாரம். 14 போன் 4 வாட் வீதம் 56, ஸ்விட்சுக்கு 15, ரவுட்டருக்கு 10, ஃபைபர் பெட்டிக்கு 8, பி.பி.எக்ஸ் 12 என்றால் சுமார் 100 வாட். சாதாரணச் சின்ன யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் 84 வாட்-மணி. இவ்வளவு வேகமாக இழுத்தால் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். இரண்டு மணி நேரம் வேண்டுமென்றால் பெரிய வெளிப் பேட்டரி உள்ளதாகப் பாருங்கள். பலர் பி.பி.எக்ஸையும் ரவுட்டரையும் யு.பி.எஸ்.ஸில் போட்டுவிட்டு, ஃபைபர் பெட்டியைச் சுவர் பிளக்கில் விட்டுவிடுவார்கள். அப்புறம் யு.பி.எஸ். இருந்தும் பேச்சு நின்றுவிடும்.

அவசர எண்ணுக்கு அழைக்கும் விஷயத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். கிளவுட் எக்ஸ்டென்ஷன் எங்கிருந்து பேசுகிறது என்பது அவசர சேவைக்குத் தானாகத் தெரியாது. முகவரியைப் பதிந்து வைக்க வேண்டும், சில சேவைகளில் அவசர அழைப்பே போகாது. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போன்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்குவது பார்க்க அழகு, பணத்துக்கு வீண். ரிசப்ஷனுக்கு மட்டும் விளக்குப் பொத்தான் நிறைய உள்ளது. 14 எக்ஸ்டென்ஷனில் யார் பேசுகிறார், யார் சும்மா இருக்கிறார் என்று ஒரே பார்வையில் தெரிந்தால்தான் அழைப்பு சரியாகக் கைமாறும். மற்றவர்களுக்கு இரண்டு லைன் காட்டும் அடிப்படைப் போன் போதும். நாள் முழுதும் பேசுபவருக்குப் போனின் விலையைக் குறைத்து ஹெட்செட்டுக்குச் செலவிடுங்கள். நடந்துகொண்டே பேச வேண்டியவர்களுக்கு டெக்ட் என்ற கம்பியில்லா போன். கட்டடத்துக்குள் 50 மீட்டர் வரை என்று சொல்வார்கள், கான்கிரீட் சுவர் நடுவில் வந்தால் அதில் பாதி. வைஃபை போன்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை: ஒரு அக்சஸ் பாயின்ட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது குரல் அறுகிறது, பேட்டரியும் சீக்கிரம் போகிறது. மொபைல் செயலி போதும் என்பவர்களுக்கு: அது வெளியே போகும் அழைப்புக்கு நன்று. உள்ளே வரும் அழைப்புக்கு அதை மட்டும் நம்பினால், பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று மொபைல் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும்.

வாங்கும் முன் அழைப்பு போகும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். வேலை நேரத்தில் எங்கே முதலில் அடிக்கும், எத்தனை விநாடி, எடுக்காவிட்டால் யாருக்கு, மதிய உணவு நேரத்தில், விடுமுறை நாளில் என்ன. ரிசப்ஷனில் 15 விநாடி, பிறகு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு 20 விநாடி, பிறகு மொபைல் என்பது சாதாரணமாக நன்றாக ஓடும். மொபைலுக்குத் திருப்பும்போது ஒரு வம்பு உண்டு: அந்த மொபைல் அணைந்திருந்தால் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற அறிவிப்பையோ வாய்ஸ்மெயிலையோ உங்கள் அமைப்பு "எடுத்துவிட்டார்" என்று எண்ணிக்கொள்ளும், வாடிக்கையாளர் அங்கேயே சிக்குவார். "ஏற்க 1 அழுத்தவும்" என்ற உறுதி கேட்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கிளவுட் சேவையை நான் எடுக்கமாட்டேன். திருப்பிய அழைப்பில் மொபைலில் வாடிக்கையாளர் எண் தெரியுமா, அலுவலக எண் தெரியுமா என்பதையும் கேளுங்கள். பல நிறுவனங்கள் வேறொருவர் எண்ணைக் காட்ட அனுமதிப்பதில்லை.

தானியங்கி வரவேற்பு வைத்தால் 15 விநாடிக்குள் முடியட்டும், தேர்வுகள் நாலுக்கு மேல் வேண்டாம். 14 பேர் அலுவலகத்தில் அதற்குள் இன்னொரு அடுக்கு வைப்பது வாடிக்கையாளரைத் துரத்துவதற்குத்தான் பயன்படும்.

பாதுகாப்பைப் பலர் பில் வந்த பிறகுதான் நினைப்பார்கள். எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்று வைத்து எஸ்.ஐ.பி. பயன்படுத்தும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்தால், தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் விரைவில் கண்டுபிடித்துவிடும். வெள்ளி இரவு தொடங்கி, யாரும் பார்க்காத வாரஇறுதி முழுக்க விலை உயர்ந்த வெளிநாட்டு எண்களுக்குப் பேச்சு ஓடும். பணம் உங்கள் கணக்கில். தேவையில்லாத வெளிநாட்டு அழைப்புகளை டிரங்க் கொடுப்பவரிடமே மூடச் சொல்லுங்கள், பெட்டியில் மட்டும் மூடினால் பெட்டிக்குள் புகுந்தவன் திறந்துவிடுவான். ஒரு நாள் செலவு உச்சவரம்பு போடுங்கள். எக்ஸ்டென்ஷனுக்கு நீண்ட, தாறுமாறான கடவுச்சொல். நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்கக் கூடாது, வேண்டுமானால் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனிப் பாதை வழியாக. வாய்ஸ்மெயில் பின் 1234 என்று வைத்ததாலும், அதிலிருந்து வெளியே திரும்ப அழைக்கும் வசதி திறந்திருந்ததாலும் மாட்டியவர்கள் உண்டு.

பழைய எண்ணைப் புது நிறுவனத்துக்கு மாற்றுவது தனிக் கதை. மாற்றம் முடியும் முன் பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள். ரத்தான எண் மாறாது, போனது போனதுதான். கணக்கில் இருக்கும் பெயரும் முகவரியும் விண்ணப்பத்தில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், பெரும்பாலான நிராகரிப்பு இதனால். அதே செப்புக் கம்பியில் பிராட்பேண்டும் ஓடினால் எண் மாறும் நாளில் இணையமும் அறுந்துபோகலாம். உங்கள் இடத்தில் லேண்ட்லைன் எண்ணை மாற்ற வழியே இல்லையென்றால், பழைய லைனை வைத்துக்கொண்டு நிரந்தரமாகப் புது எண்ணுக்குத் திருப்பலாம். ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பைத் திருப்புவார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் ஒன்றே ஒன்றுதான்.

லைனை வெட்டும் முன் ஒவ்வொரு லைனின் மறுமுனையிலும் என்ன இருக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். தீ எச்சரிக்கைப் பெட்டி, லிஃப்ட்டுக்குள் இருக்கும் போன், கார்டு இயந்திரம், ஃபேக்ஸ், வாசல் கதவு போன் ஏதாவது ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். ஃபேக்ஸ் டி.38 முறையில் இணையம் வழியாகப் போகும், சில நாள் போகாது. தீ எச்சரிக்கையையும் லிஃப்ட்டையும் அனலாக் மாற்றி அடாப்டரில் போட்டுச் சோதனை செய்யாமல் விடக்கூடாது. அவற்றைப் பராமரிப்பவரிடம் ஒப்புதல் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை சில. விலை ஆள் கணக்கிலா, ஒரே நேரத்துச் சேனல் கணக்கிலா? 14 எக்ஸ்டென்ஷன், 7 சேனல் என்ற உங்கள் நிலைக்கு இரண்டாவது பெரும்பாலும் லாபம். போன்கள் உங்கள் சொத்தா, அவர்களுடைய சேவைக்கு மட்டும் பூட்டப்பட்டவையா? அழைப்புப் பதிவுகள் எத்தனை நாள் இருக்கும், போகும்போது எடுத்துக்கொண்டு போகலாமா? உள்ளே வைக்கும் பெட்டி என்றால் நிர்வாகக் கடவுச்சொல்லும் அமைப்பின் காப்புக் கோப்பும் உங்கள் கையில் வர வேண்டும். அவை இல்லாமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நிறுவியவர் தொழிலை விட்டுவிட்டால், எக்ஸ்டென்ஷன் பெயரை மாற்றக்கூட வழியில்லாமல் நிற்பீர்கள்.

மாறும் நாளை வாரத்தின் நடுவில் வையுங்கள், வெள்ளி மாலை வேண்டாம். தகராறு வந்தால் உதவிக்கு ஆள் இருக்க வேண்டும். பழைய அமைப்பைப் புதியதோடு சேர்த்து ஒரு வாரமாவது ஓட்டுங்கள். முதல் நாளே செய்ய வேண்டிய சோதனை: மொபைலிலிருந்து, வேறொரு லேண்ட்லைனிலிருந்து, முடிந்தால் வெளிநாட்டிலிருந்து உள்ளே அழைப்பது; ஒரு அழைப்பை 35 நிமிடம் விடாமல் வைத்திருப்பது; அழைப்பை இன்னொருவருக்கு, அவரிடம் கேட்டுவிட்டு மாற்றுவது, கேட்காமல் மாற்றுவது இரண்டையும் செய்து பார்ப்பது; ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றுவது; எட்டாவது அழைப்புக்கு என்ன கேட்கிறது என்று வெளியிலிருந்து கேட்பது; வங்கித் தானியங்கியில் எண்களை அழுத்துவது. கடைசியாக மெயின் சுவிட்சை அணையுங்கள், யு.பி.எஸ். எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பிறகு மின்சாரம் இருக்கும்போதே இணையக் கேபிளை உருவிவிட்டு உங்கள் எண்ணுக்கு மொபைலிலிருந்து அடியுங்கள். அழைப்பு யாருடைய கையிலாவது போய்ச் சேர்ந்தால் மட்டும் பழைய நான்கு லைனில் மிச்சமானதை ரத்து செய்ய எழுதிக் கொடுங்கள்.